வெளிநாட்டுப் பயணத்தில் டேட்டா: ரோமிங்கா, உள்ளூர் சிம்மா, இ-சிம்மா?

வெளிநாட்டில் இணையத்துக்கு என்ன ஏற்பாடு செய்துகொள்வது என்ற பேச்சு எழுந்தால், பெரும்பாலோர் ஒரு ஜிபிக்கு எத்தனை ரூபாய் என்பதிலிருந்தே கணக்கைத் தொடங்குகிறார்கள். அந்தக் கணக்கு அவசியமானதுதான். ஆனால் அதற்கு முன்னால் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பயணம் முடியும்வரை நம்முடைய இந்திய எண் எங்கே இருக்கப் போகிறது? போனுக்குள் உயிரோடு இருக்குமா, அல்லது கழற்றப்பட்டுப் பர்ஸின் ஒரு மூலையில் கிடக்குமா? இதற்கு விடை தெரிந்துவிட்டால் மற்ற வழிகளை ஒப்பிடுவது எளிதாகிவிடும்.

இந்திய எண் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், நம் வங்கிக் கணக்கின் சாவியே இன்று அந்த எண்தான். விடுதிக்கு ஆன்லைனில் பணம் கட்டினால் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். கார்டு முடங்கினால் அதை மீட்கவும், நெட் பேங்கிங்கில் நுழையவும் அதே எண்தான் வேண்டும். யுபிஐ செயலிகள் வங்கியில் பதிவான சிம் அதே போனில் இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகே வேலை செய்யும். 2024 பிப்ரவரியில் இலங்கையிலும் மொரீஷியஸிலும் யுபிஐ தொடங்கப்பட்ட பிறகு, கொழும்புக் கடையில் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பணம் கொடுக்க நினைப்பவருக்கு டேட்டாவும் வேண்டும், இந்திய சிம்மும் வேண்டும். வாட்ஸ்அப் போன்ற செயலிகள் பதிவான சிம் போனில் இருந்தால்தான் இயங்க வேண்டும் என்று மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பரில் பிறப்பித்த உத்தரவும் இதே திசையில்தான் போகிறது. ஆகவே, எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்திய சிம்மைப் போனிலிருந்து கழற்றக் கூடாது என்பதே இந்த ஒப்பீட்டில் நான் வைக்கும் முதல் நிபந்தனை.

இந்த நிபந்தனைக்குச் செலவு மிகக் குறைவு. ரோமிங்கில், அதாவது நம் சிம் வெளிநாட்டு நெட்வொர்க்கில் இயங்கும்போது, நமக்கு வரும் குறுஞ்செய்திகளுக்கு இந்திய நிறுவனங்கள் பொதுவாகக் கட்டணம் வாங்குவதில்லை. இரண்டு விஷயங்களை மட்டும் புறப்படுவதற்கு முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும். முதலாவது, நம் எண்ணில் சர்வதேச ரோமிங் வசதி இயக்கப்பட்டிருக்கிறதா என்பது. அது முடக்கப்பட்டிருந்தால் வெளிநாட்டில் சிக்னலே வராது. இரண்டாவது, ப்ரீபெய்ட் எண்ணாக இருந்தால், ரீசார்ஜின் செல்லுபடிக் காலம் ஊர் திரும்பும் நாளையும் தாண்டி இருக்கிறதா என்பது. 28 நாள் பேக் போட்டு இருபது நாள் கழிந்த பிறகு விமானம் ஏறி, எட்டு நாளுக்கு மேல் தங்குபவருக்குப் பயணத்தின் நடுவில் செல்லுபடி முடிந்துவிடும். அதன்பின் ஓடிபி வராமல் போகலாம். ஆன்லைனில் ரீசார்ஜ் செய்யப் போனால் அதற்கும் ஓடிபி கேட்கும்.

ரோமிங் பேக்

நம் இந்திய சிம்மிலேயே ரோமிங் பேக் போட்டுக்கொள்வது எல்லா வழிகளிலும் எளிதானது. போனில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. விமானம் தரையிறங்கியதும் ஏரோப்ளேன் மோடை நீக்கிவிட்டு, டேட்டா ரோமிங்கை இயக்கினால் போதும். ஒரு நாளுக்குச் சில நூறு ரூபாயிலும், பத்து நாள் அளவுக்கு இரண்டு மூன்று ஆயிரம் ரூபாயிலும் பேக்குகள் கிடைக்கின்றன. உள்ளூர் சிம்மோடு ஒப்பிட்டால் இது விலை அதிகம். தரும் டேட்டாவும் பெரும்பாலும் குறைவு.

ஆனால் ரோமிங்குக்கு ஒரு தனிக் குணம் உண்டு, அதைப் புரிந்துகொண்டால் சில நாடுகளுக்கு இந்த விலையைக் கொடுக்கலாம் என்று தோன்றும். ரோமிங்கில் நாம் ஷாங்காயிலோ துபாயிலோ இருந்தாலும், அங்குள்ள கோபுரம் நம் டேட்டாவை வாங்கி, வழக்கமாக இந்தியாவிலுள்ள நம் நிறுவனத்தின் நுழைவாயிலுக்கு அனுப்பி, அங்கிருந்துதான் இணையத்துக்குள் விடுகிறது. இணையத்தின் பார்வையில் நாம் இந்தியாவிலேயே இருக்கிறோம். இதனால்தான் கூகுள், வாட்ஸ்அப், ஃபேஸ்புக் ஆகியவை தடை செய்யப்பட்ட சீனாவிலும், வெளிநாட்டு சிம்மில் ரோமிங்கில் இருப்பவருக்கு அவை திறக்கின்றன. அதே நபர் அங்கே உள்ளூர் சிம் வாங்கிப் போட்டால் திறப்பதில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் செய்திகள் போகும், அழைப்புகள் போகாது என்பது அங்கே வேலை செய்யும் நம்மவர் எல்லோருக்கும் தெரிந்தது. ரோமிங் சிம்மில் இந்தத் தடை பொதுவாகக் குறுக்கிடுவதில்லை. குவாங்சோவுக்குச் சரக்கு எடுக்கப் போகும் வியாபாரி ஒருவருக்கு வாட்ஸ்அப் இல்லாத ஐந்து நாள் எவ்வளவு நட்டம் என்று யோசித்தால், ரோமிங் பேக்கின் விலை பெரிதாகத் தெரியாது. இதே குணத்துக்கு மறுபக்கமும் உண்டு. டேட்டா இந்தியாவரை போய்த் திரும்புவதால், தூர நாடுகளில் வீடியோ அழைப்பு சற்றே தாமதித்து வரும். அமெரிக்காவில் இருக்கும்போது இது நன்றாகவே தெரியும்.

ரோமிங்கில் ஆபத்து எங்கே இருக்கிறது என்றால், பேக் இல்லாமல் டேட்டா ஓடுவதில்தான். பேக் இல்லாத கட்டணம் எம்பி கணக்கில் விதிக்கப்படுவதால், நாம் தொடாமலே பின்னணியில் நடக்கும் செயலிப் புதுப்பிப்பும் புகைப்படச் சேமிப்பும் பெரிய பில்லைக் கொண்டுவந்துவிடும். போஸ்ட்பெய்ட் வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், ஏனெனில் ப்ரீபெய்டில் இருப்புத் தொகை தீர்ந்ததும் ஓட்டம் தானே நின்றுவிடும். சொகுசுக் கப்பல்களிலும் சில விமானங்களிலும் இருப்பது செயற்கைக்கோள் வழியாக இயங்கும் தனி நெட்வொர்க். நாட்டுக்குரிய பேக் அதற்குப் பொதுவாகச் செல்லாது; கப்பல் துறைமுகத்தை விட்டு நகர்ந்ததும் போன் தானாக அந்த நெட்வொர்க்கில் ஒட்டிக்கொள்ளும். கப்பலேறும்போது ஏரோப்ளேன் மோடைப் போட்டுவிடுவதே பாதுகாப்பு.

எல்லையோர இடங்களிலும் இதே கவனம் வேண்டும். தனுஷ்கோடி மணலில் நிற்பவரின் போனுக்கு இலங்கை நெட்வொர்க்கின் வரவேற்புச் செய்தி வருவதைப் பலர் பார்த்திருப்பார்கள். சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் பகுதியில் இருக்கும் போன் ஜொகூர் பாருவின் மலேசிய கோபுரத்தைப் பிடிப்பதும் அதே கதைதான். அங்கே தங்குபவர்கள் நெட்வொர்க்கைத் தானியங்கித் தேர்விலிருந்து மாற்றி, கையால் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைப்பது நல்லது.

உள்ளூர் சிம்

ஒரே நாட்டில் இரண்டு வாரத்துக்கு மேல் தங்குபவருக்கு உள்ளூர் சிம்மை மிஞ்சிய வழி இல்லை என்பது என் உறுதியான கருத்து. டேட்டா தாராளமாகக் கிடைக்கும், வேகம் குறையாது, அந்நாட்டு எண் ஒன்றும் கைக்கு வரும். இந்த மூன்றாவது பயனைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். மருத்துவமனையில் பெயர் பதிவு செய்யவும், வீட்டுக்குப் பொருள் கொண்டுவருபவர் அழைக்கவும், வாடகைக் கார் ஓட்டுநர் வாசலில் நின்றுகொண்டு கூப்பிடவும் உள்ளூர் எண் இருந்தால்தான் வேலை தடையின்றி நடக்கும்.

வாங்குவதும் கடினமல்ல, பாஸ்போர்ட் மட்டும் கையில் இருக்க வேண்டும். இலங்கையின் கட்டுநாயக்க விமான நிலையத்தின் வருகைக் கூடத்திலேயே டயலாக், மொபிடெல் கவுண்டர்கள் இருக்கின்றன. கோலாலம்பூர் விமான நிலையத்தில் மேக்ஸிஸ், செல்காம்டிஜி, யூ மொபைல் என்று வரிசையாகக் கிடைக்கும். சிங்கப்பூரில் சாங்கி விமான நிலையத்திலும் வாங்கலாம். லிட்டில் இந்தியாவில் முஸ்தபா சென்டரையும் சிராங்கூன் சாலையையும் ஒட்டிய கடைகளில் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். கவுண்டரை விட்டு நகரும் முன் போனைத் திறந்து ஒரு பக்கமாவது ஓடுகிறதா என்று அவர்கள் எதிரிலேயே பார்த்துவிட வேண்டும். சிம் தட்டைத் திறக்கும் ஊசி அவர்களிடம் இருக்கும், நம் பையில் இருக்காது. ஏபிஎன் என்ற இணைய இணைப்பு அமைப்பு தவறியிருந்தால் அவர்கள் அரை நிமிடத்தில் சரிசெய்வார்கள், நாம் விடுதி அறையில் அரை நாள் தேடுவோம்.

நம் முதல் நிபந்தனை இங்கேதான் சோதனைக்கு வருகிறது. போனில் ஒரே ஒரு சிம் தட்டு இருந்தாலோ, இரண்டாவது இடத்தில் ஏற்கெனவே வேறு சிம் அல்லது மெமரி கார்டு இருந்தாலோ, உள்ளூர் சிம்மைப் போட இந்திய சிம்மைக் கழற்ற வேண்டியிருக்கும். சில போன்களில் இரண்டாவது சிம்முக்கும் மெமரி கார்டுக்கும் ஒரே இடம்தான் என்பதால், புறப்படுவதற்கு முன் தட்டைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. இடமில்லாதவர்கள் இந்திய எண்ணை இ-சிம்மாக, அதாவது தட்டில் போட வேண்டாத, போனுக்குள்ளேயே பதியும் சிம்மாக, மாற்றிக்கொண்டு, தட்டை உள்ளூர் சிம்முக்கு விட்டுவிடலாம். ஏர்டெல், ஜியோ, வி மூன்றுமே இந்த வசதியைத் தருகின்றன. இந்த மாற்றத்தைப் பயணத்துக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே முடிக்க வேண்டும், ஏனெனில் சிம் மாறியதும் சில வங்கிச் செயலிகளும் யுபிஐயும் மறுபதிவு கேட்கும்.

பல நாடுகளைத் தொட்டுப் போகும் பயணத்தில் உள்ளூர் சிம் பலமிழக்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்தைத் தவிர. 2017 ஜூன் 15 முதல் ஒன்றியத்துக்குள் ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் இல்லை என்பதால், பாரிஸில் வாங்கிய சிம் ரோமிலும் ஆம்ஸ்டர்டாமிலும், நியாயமான பயன்பாட்டு வரம்புக்குள், அதே கட்டணத்தில் ஓடும். நம் ஊர்ச் சுற்றுலா நிறுவனங்களின் ஐரோப்பியப் பேருந்துப் பயணங்கள் ஏறக்குறைய எல்லாமே சுவிட்சர்லாந்தில் இரண்டு மூன்று இரவு தங்குகின்றன. அந்த நாடு ஒன்றியத்தில் இல்லை, இந்த விதி அங்கே செல்லாது. பிரிட்டனும் இப்போது அப்படித்தான். ஆகவே சிம் வாங்கும்போது சுவிட்சர்லாந்தும் பிரிட்டனும் பேக்கில் சேர்ந்திருக்கின்றனவா என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

பயண இ-சிம்

இ-சிம் என்பது போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் சிப்; அதில் ஒரு நிறுவனத்தின் சிம் விவரங்களைக் க்யூஆர் குறியீடு வழியாக இறக்கிக்கொள்கிறோம். இந்திய சிம் தட்டிலேயே இருக்க, டேட்டா மட்டும் வேறு வழியில் வருவதால், நம் நிபந்தனையை இது எந்தச் சிரமமும் இல்லாமல் நிறைவேற்றுகிறது. ஒரு வாரத்துக்குள்ளான பயணங்களுக்கும், இரண்டு மூன்று நாடுகளைச் சுற்றும் பயணங்களுக்கும் நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். விலை பொதுவாக ரோமிங் பேக்கைவிடக் குறைவாகவும், உள்ளூர் சிம்மைவிடச் சற்று அதிகமாகவும் இருக்கும்.

போன் இதற்கு இடம் தருகிறதா என்பதை *#06# என்று அழுத்திப் பார்க்கலாம். வரும் எண்களில் ஈஐடி என்று ஒன்று இருந்தால் இ-சிம் வசதி உண்டு என்று பொருள். ஐபோன்களில் 2018-இல் வந்த எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் மாடல்களிலிருந்து இது இருக்கிறது, ஆனால் சீனச் சந்தைக்கென வந்த ஐபோன்கள் நெடுங்காலம் இ-சிம் இல்லாமலே விற்கப்பட்டன. எதிர்த் திசையிலும் ஒரு சிக்கல் வந்திருக்கிறது. அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களுக்கு 2022-இன் 14 மாடலிலிருந்தே சிம் தட்டு கிடையாது. உறவினர் அங்கிருந்து வாங்கிவந்து கொடுத்த போனை வைத்திருப்பவர், கவுண்டரில் தரும் பிளாஸ்டிக் சிம்மை எதிலும் போட முடியாது.

இந்தியாவில் இருந்துகொண்டு வாங்குபவர்கள் அறிய வேண்டிய ஒன்று: வெளிநாட்டு சிம்களை இங்கே விற்பதற்குத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி தேவை. அந்த அனுமதி இல்லை என்ற காரணத்தால்தான் 2024 ஜனவரியில் ஏர்அலோ, ஹோலாஃப்ளை ஆகியவற்றின் செயலிகள் இந்தியச் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டன. எனவே வாங்கும் நிறுவனம் அனுமதி பெற்றதா என்று விசாரித்து வாங்குவதே முறை.

இ-சிம்மில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி அமைப்புகளைச் சரியாக வைக்காததால் வருவது, அதிலும் ஒரு இடத்தில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். பயண இ-சிம் பெரும்பாலும் மூன்றாவது நாடு ஒன்றின் நிறுவனத்துக்குச் சொந்தமான சிம். அது போகும் இடமெல்லாம் தானே ரோமிங்கில் இருக்கிறது. அதனால் இ-சிம்முக்கு டேட்டா ரோமிங்கை இயக்க வேண்டும். இந்திய சிம்முக்கு டேட்டா ரோமிங்கை அணைக்க வேண்டும். ரோமிங் என்றாலே செலவு என்று பயந்து இரண்டையும் அணைத்தவருக்கு இணையம் வராது. இரண்டையும் இயக்கியவருக்குப் பில் வரலாம். ஐபோனில் இதோடு ‘செல்லுலார் டேட்டா ஸ்விட்சிங்’ என்ற அமைப்பையும் அணைக்க வேண்டும். அது இயக்கத்தில் இருந்தால், டேட்டாவுக்கென நாம் தேர்ந்தெடுத்த சிம்மை விட்டு மற்ற சிம்முக்குப் போன் தானாகத் தாவ இடமிருக்கிறது.

இறக்கிக்கொள்வதற்கே இணையம் தேவை என்பதால், இந்தியாவில் வீட்டு வைஃபையில் இருக்கும்போதே இ-சிம்மை ஏற்றிவிட வேண்டும். க்யூஆர் குறியீட்டை அதே போனின் மின்னஞ்சலில் வைத்துக்கொண்டு விழிக்காமல், இன்னொரு திரையில் திறந்தோ அச்செடுத்தோ வைத்துக்கொள்ளலாம். போய்ச் சேர்ந்ததும் இணைப்பு வரவில்லை என்றால், அவசரப்பட்டு இ-சிம்மை அழித்துவிடக் கூடாது. பல குறியீடுகள் ஒரே ஒரு முறைதான் பயன்படும். செல்லுபடிக் காலம் வாங்கிய நேரத்திலிருந்து ஓடுகிறதா, வெளிநாட்டு நெட்வொர்க்கைத் தொட்ட நேரத்திலிருந்து ஓடுகிறதா என்பதையும் வாங்கும்போதே படித்துவிட வேண்டும்.

‘அன்லிமிடெட்’ என்ற பெயரை நம்பிக் கூடுதல் பணம் கொடுப்பதற்கு எனக்கு உடன்பாடில்லை. அவற்றில் பலவற்றில், ஒரு நாளுக்கு இத்தனை ஜிபி தாண்டினால் வேகம் குறைக்கப்படும் என்ற நிபந்தனை உள்ளே இருக்கும். ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி வரம்பும் இருக்கலாம். ஐந்து அல்லது பத்து ஜிபி என்று தெளிவாகச் சொல்லி விற்கும் பேக் பெரும்பாலோருக்குப் போதும். கூகுள் மேப்ஸ் வழிகாட்டலுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சில எம்பி முதல் பத்து எம்பி வரைதான் ஆகும். வாட்ஸ்அப் குரல் அழைப்பு நிமிடத்துக்கு அரை எம்பி அளவில் முடிந்துவிடும். வீடியோ அழைப்பு அதைப் போலப் பத்து மடங்கு ஆகலாம். உண்மையில் டேட்டாவைக் குடிப்பது வீடியோ பார்ப்பதும், எடுத்த படங்களைப் போன் தானாக மேகச் சேமிப்பில் ஏற்றுவதும்தான். உயர்தர வீடியோ ஒரு மணி நேரத்துக்கே ஒன்றிலிருந்து மூன்று ஜிபி வரை எடுக்கும். புகைப்படச் சேமிப்பை வைஃபைக்கு மட்டும் என்று மாற்றி, வாட்ஸ்அப்பின் தானியங்கிப் பதிவிறக்கத்தையும் நிறுத்தி, போகும் ஊரின் வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கி வைத்தவருக்கு, ஒரு வாரத்துக்கு மூன்று ஜிபியே மிஞ்சும்.

வாடகைக்குக் கிடைக்கும் பாக்கெட் வைஃபை என்ற சிறிய கையடக்க வைஃபை கருவி ஜப்பான் போன்ற நாடுகளில் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. நான்கைந்து பேர் சேர்ந்தே சுற்றுவதாக இருந்தால் தலைக்கு ஆகும் செலவு குறையும். ஆனால் தினமும் சார்ஜ் செய்யவும், தொலைக்காமல் திருப்பிக் கொடுக்கவும் இன்னொரு கருவி சேர்கிறது. ஒருவர் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக் குடும்பமே பகிர்ந்துகொள்ளும் வழிக்கும் உள்ள குறை இதற்கும் உண்டு: கருவி இருக்கும் இடத்தில்தான் இணையம் இருக்கும். தைப்பூசத்தன்று பத்துமலைக் கூட்டத்தில் குடும்பம் இரண்டாகப் பிரிந்தால், போனை எடுத்துத் தேட வேண்டிய அந்த நேரத்தில் பாதிப் பேரிடம் இணைப்பு இருக்காது. குறைந்தது இருவரிடமாவது தனித்தனி டேட்டா இருக்க வேண்டும். விமான நிலைய, விடுதி வைஃபையைத் துணையாகக் கொள்ளலாம், முழுதும் நம்ப முடியாது. பொது வைஃபையில் வங்கிச் செயலியைத் திறக்காமல் இருப்பது நல்லது.

தனியாகப் போகும் பெற்றோருக்கு

மேலே சொன்ன கணக்குகள் எல்லாம் போனை ஓரளவு கையாளத் தெரிந்தவருக்கு. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு, மகன் வீட்டுக்கு முதல் முறையாகத் தனியே போகும் அறுபத்தைந்து வயது அம்மாவுக்கு வேறு கணக்குப் போட வேண்டும். இரவு விமானத்தில் தூக்கமின்றி இறங்கியவரை, குடிநுழைவு வரிசை முடிந்ததும் கவுண்டர் தேடி சிம் வாங்கச் சொல்வதும், அமைப்புகளுக்குள் போய் ரோமிங்கை மாற்றச் சொல்வதும் நியாயமில்லை. அவருக்கு மலிவைப் பார்க்காமல், இந்திய எண்ணிலேயே கிடைக்கும் மிகக் குறுகிய ரோமிங் பேக்கைப் போட்டு, டேட்டா ரோமிங்கை வீட்டிலேயே இயக்கி அனுப்ப வேண்டும். இறங்கியதும் அவர் செய்ய வேண்டியது ஏரோப்ளேன் மோடை நீக்குவது ஒன்றுதான். அதையும் படம் எடுத்துக் காட்டி, இரண்டு முறை அவர் கையாலேயே செய்ய வைத்து அனுப்பலாம். மகனின் சிங்கப்பூர் எண்ணை +65 சேர்த்துப் போனில் பதிந்து, ஒரு தாளிலும் எழுதிக் கைப்பையில் வைத்துவிட வேண்டும். போனில் சார்ஜ் தீர்ந்தால் அந்தத் தாள்தான் உதவும்.

வீடு சேர்ந்த பிறகு அவசரமில்லை. மறுநாள் மகன் ஒரு உள்ளூர் ப்ரீபெய்ட் சிம்மை இரண்டாவது இடத்தில் போட்டு, டேட்டாவை அதற்கு மாற்றி, இந்திய சிம்மின் டேட்டா ரோமிங்கை அணைத்துவிடலாம். வாட்ஸ்அப் எண்ணை மாற்றவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிப் பழைய எண்ணிலேயே தொடர வேண்டும். ஊரிலுள்ள உறவுகள் அதில்தான் தேடுவார்கள். தங்குவது இரண்டு மூன்று மாதமானால், ஊரில் உள்ள ப்ரீபெய்ட் எண்ணின் செல்லுபடி முடியும் தேதியை மகன் தன் நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, இரண்டு நாள் முன்பே அங்கிருந்தபடி ரீசார்ஜ் செய்துவிட வேண்டும். ஓய்வூதியம் வரவாகும் வங்கியின் செய்தியும், எரிவாயு உருளைப் பதிவுக்கான ஓடிபியும் அம்மாவின் அந்த எண்ணுக்குத்தான் வரும்.